குடுவைக்குள் போன குங்குமம்

தூத்துக்குடி
வியாழக்கிழமை காலை

அன்பு மகன் செந்தில்முருகனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நார்வே குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று திருச்செந்தூர் முருகனைத்தான் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு நாளைக்கு ஒரு தரம் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ சமாதானம் சொல்ல ஆரம்பிப்பாய், நானும் சமாதானமாகிவிடுவேன், அதனால்தான். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று கிளம்பி மக்ரூன் மிட்டாய்க் கடை வாசலில் நிற்கிறார், கேட்டால் தெரிந்தவரைப் பார்த்தேன் என்கிறார். சித்தி மகள் ரம்யாவுக்கு ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, உப்பளத்துக்காரர்கள் மட்டும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் நிறுவனத்தை நினைத்தாலே குமட்டுகிறது செந்தில், அப்படியே எழுதிவிடுகிறேன். பல்துறைப் பொருளறிவியல் ஆய்வு நிறுவனம் என்று பலகை மாட்டி ஆறு வருஷம் ஆயிற்று. நான்கு துறைக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து புதுப் பொருள் கண்டுபிடிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் என்னை இயக்குநராகப் போட்டது. சேர்ந்தது கூரை மட்டும்தான். இயற்பியல் மந்திரமூர்த்தி அலமாரிக்கு ஒரு பூட்டு, வேதியியல் டிக்சன் அலமாரிக்கு இரண்டு பூட்டு, ஒரு பாட்டில் அசிட்டோன் வேண்டுமென்றால் துறைத் தலைவர் வழியாகக் கடிதம் வர வேண்டும். ஏசி யார் மேஜைப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று இரண்டு மணி நேரம் கூட்டம் நடந்தது, அதற்குத் தலைமை தாங்கியவள் உன் அம்மா. இத்தனை படித்துவிட்டுக் குழாயடிச் சண்டை போடுகிறவர்களை நடுவில் நின்று பிரித்துவிடுவதே என் உத்தியோகமாகிப் போனது.

சிப்பித் தூள் பூச்சு என்று பத்திரிகையில் என் படத்தோடு வந்ததே, நீகூட உன் கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பினாயே, அது பொய். சிப்பி ஓட்டை மாவாக அரைத்துப் பசையில் கலந்து இரும்பில் பூசினால் கடல் தண்ணீரில் துரு ஏறாது என்று சொன்னோம். வேலை செய்தவள் என் ஆராய்ச்சி மாணவி சுடலைச்செல்வி, இங்கே பக்கத்துப் புதுக்கோட்டைப் பெண், அவள் அப்பா உப்பு லாரி ஓட்டுகிறார். பூசிய தகடுகளை மீன்பிடித் துறைமுகத்தில் ஜேசுபாதம் என்கிற விசைப்படகுக்காரரின் படகு நிற்கும் இடத்தில் கயிறு கட்டித் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். மூன்று மாதம் கழித்துத் தூக்கினால் முதல் முறை அரைத்த தூளைப் பூசிய தகடுகளில் துருவே இல்லை. மறுவாரமே துணைவேந்தர் நிருபர்களைக் கூப்பிட்டுவிட்டார். கட்டுரையில் பதினொரு பேர் பெயர், அதில் ஏழு பேர் அந்தத் தகட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. டிக்சன் பெயர் முதலிலா மந்திரமூர்த்தி பெயர் முதலிலா என்று ஒரு மாதம் இழுபறி. செல்வியின் பெயர் ஒன்பதாவது. அப்படி வரிசைப்படுத்தியதும் நான்தான்.

அதற்குப் பிறகு அரைத்த தூள் ஒன்றுகூடத் தேறவில்லை, எல்லாத் தகடும் துருப்பிடித்தது. போன மாதம் ஜேசுபாதம் அந்த நல்ல தகட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, ஏளா, இது செந்தூரம் அடிச்ச நெறம்லா, எங்க அப்பா காலத்துல கப்பல் இரும்புக்கெல்லாம் இதத்தான அடிப்பாவ என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறார். ஈயச் செந்தூரம் துருவைத் தடுக்கும் என்பது துறைமுகத்தில் பெயிண்ட் டப்பா தூக்குகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம், பதினொரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் முதல் முறை அரைத்ததில் மிச்சமிருந்த தூளைச் சோதித்துப் பார்த்தாள், ஈயம் இருந்தது. சிப்பி ஓட்டில் அவ்வளவு ஈயம் எங்கிருந்து வரும்?

என் கையிலிருந்துதான் வந்தது. ஆயுத பூஜைக்கு இயக்குநர் கையால் எல்லா எந்திரத்துக்கும் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். தூள் அரைக்கும் எந்திரத்தில் ஒரு குடுவை உண்டு, உள்ளங்கையில் அடங்கிவிடும், வெளியே பொட்டு வைத்தால் போதாதா, புது வேலை நல்லபடியாக அமையட்டும் என்று மூடியைத் திறந்து உள்ளேயும் இரண்டு சிட்டிகை போட்டேன். மலிவாகக் கிடைத்த பாக்கெட் குங்குமம், வாங்கியவளும் நானே, அதில் செந்தூரம் கலந்திருக்கிறது. விடுமுறை முடிந்ததும் செல்வி, மேடம், குடுவையக் கழுவிட்டு ஓட்டுதேன், காய ஒரு நாள் ஆவும் என்றாள். மேலிடத்துக் குழு பார்வையிட வருகிறது, எந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், சாமி குங்குமம் ஒன்றும் செய்யாது, அப்படியே ஓட்டு என்றேன். முப்பது வருஷம் ஆய்வகத்தில் நின்றவள் வாயில் வரவேண்டிய பேச்சா அது? ஈயம் கண்டதும் அந்தப் பிள்ளை ஒளிக்கவில்லை, நேராக என்னிடம்தான் கொண்டுவந்து கொடுத்தாள். நான் துணைவேந்தரிடம் தூளில் கலப்படம் ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை.

உடனே விசாரணைக் குழு. மந்திரமூர்த்தி, அந்தப் பிள்ளதான கழுவாம ஓட்டிருக்கு என்று ஆரம்பித்தார், டிக்சன் ஆமாம் போட்டார், இந்த ஆறு வருஷத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். மாணவியின் கவனக்குறைவால் கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது, அவளுடைய ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கிறோம் என்று செவ்வாய்க்கிழமை அறிக்கை தயார். பூஜையைப் பற்றி ஒரு வரி இல்லை. நாலு வருஷப் படிப்பு போனால் போகட்டும் என்று எவ்வளவு சுலபமாகத் தட்டச்சு செய்துவிட்டார்கள். நானும் அதில் கையெழுத்துப் போட்டேன் செந்தில். நிறுவனத்துக்கு அடுத்த ஐந்து வருஷ அனுமதி வரவேண்டியிருக்கிறது, மற்ற பிள்ளைகளின் கதி என்ன என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம், அவ்வளவுதான். அவர்களைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டே நானும் அந்தச் சாக்கடையில் இறங்கிவிட்டேன்.

நேற்று செல்வி என் அறைக்கு வந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. நீங்க கூட்டத்துல எனக்காவப் பேசிருப்பீங்கன்னு எங்கம்மா வீட்டுல சொல்லிட்டிருக்கா மேடம், நான் அறிக்கைக்குக் கீழ உங்க கையெழுத்தப் பாத்துட்டேன், அவகிட்ட என்ன சொல்லட்டும் என்று கேட்டாள். நான் அவளிடம் தண்ணீர் குடிக்கிறாயா என்றேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். ரிட்டயர் ஆவ ரெண்டு வருசம்தான இருக்கு, பேசாம இரேன் என்றார். காலையில் அவராகவே, ஆபீசுக்கு நானே கொண்டு விடுதேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார். பதிவாளருக்கு ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், குங்குமம் போட்டது நான், கழுவ வேண்டாம் என்றது நான், செவ்வாய்க்கிழமைக் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன், இயக்குநர் பொறுப்பிலிருந்தும் விலகுகிறேன் என்று. ஆனால் பல்கலைக்கழக வாசல் வரை போய்விட்டு அதைக் கைப்பைக்குள்ளேயே வைத்துத் திரும்பி வரக்கூடியவள் நான் என்று இந்த வாரம் தெரிந்துகொண்டேன். அதனால் முதலில் தபாலாபீஸ், பிறகுதான் பதிவாளர். இந்தக் கடிதம் பெட்டிக்குள் விழுந்துவிட்டால் உனக்குத் தெரிந்துவிடும், அப்புறம் நான் பின்வாங்க முடியாது.

நீ அங்கே பெரிய பொறுப்புக்கு வருவாய், உனக்குக் கீழே பிள்ளைகள் வேலை செய்வார்கள், அவர்கள் ஒன்றைக் கழுவ வேண்டும் என்று சொன்னால் கழுவ விடு. முருகன் அருளால் நோய்நொடி இல்லாமல், மனதில் உறுத்தல் இல்லாமல் நீடூழி வாழ்க. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இது கிடைத்ததும் போன் செய்வாய், பதவியை விட்டாயே அம்மா, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்காதே. செவ்வாய்க்கிழமையே ஏன் செய்யவில்லை என்று கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
இந்துமதி