மைக் இல்லாத வீடு

மார்ச் 3, செவ்வாய்

நான் குரல் கொடுத்த படத்தை என் மனைவி இன்று மூன்றாவது முறையாகப் பார்த்துவிட்டு வந்தாள். கூடவே அவள் தங்கை. இருவருக்கும் கண் வீங்கியிருந்தது. அப்படி என்ன படம்? வெளிநாட்டுக்காரன் ஒருவனும் ஒருத்தியும் சலவைக் கடையில் துணி காயும்வரை உட்கார்ந்து பேசுகிறார்கள். அடிதடி கிடையாது, பாட்டு கிடையாது. துணி காய்வதற்குள் காதல் முற்றிவிடுகிறது.

"மாமா, அவன் பேசப் பேச எனக்கு உயிரே போயிடுச்சு," என்றாள் மச்சினி.

"அவன் எங்கே பேசினான்? வாயை அசைச்சான். பேசினது நான்."

"தெரியும்," என்றாள் என் மனைவி, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "அதனாலதான் அழுதேன்."

பாராட்டு என்று நினைத்துப் பூரித்துப்போனேன். சாப்பிடும்போதுதான் உறைத்தது.

மார்ச் 4, புதன்

வீட்டில் நான் பேசுவதே இல்லையா என்ன? இன்று பேசியவை: "ம்." "வை." "சாவி எங்கே?" பிறகு இன்னொரு "ம்."

தொண்டைதான் எனக்குச் சோறு போடுகிறது, அதை வீட்டில் வீணாக்க முடியாது என்று கல்யாணமான புதிதில் சொல்லிவைத்தேன். அவளும் நம்பினாள். நாளடைவில் நானும் நம்பிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

இவள் வேலை பார்க்கும் மருத்துவமனை வேறு ஊரில் கிளை திறக்கிறது. அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு இவள்தான் பொறுப்பாம். அடுத்த வெள்ளிக்குள் பதில் சொல்லவேண்டும்.

"என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்," என்றேன். ரொம்பப் பெருந்தன்மை என்று எனக்கு நினைப்பு. தன் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

நல்ல வேலை, போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் நீ இல்லாமல் கஷ்டம் என்று ஒரு வார்த்தை — அதைச் சொல்ல என்ன கேடு எனக்கு?

மார்ச் 9, திங்கள்

ஒலிப்பதிவாளரிடம் புலம்பினேன். எதற்கெடுத்தாலும் இன்னொரு தடவை பேசச் சொல்வதால் அவருக்கு 'ரீடேக்' என்று பெயர். "அண்ணே, அந்தப் படத்தோட கடைசி வசனத்தை வீட்டுல எடுத்து விடுங்க. கல்லும் கரையும்," என்றார்.

மார்ச் 11, புதன்

எடுத்து விட்டேன். இவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், பொருத்தமான இடம்தான்.

"நீ போன பிறகும் இந்த நாற்காலி உன் பக்கமே திரும்பியிருக்கும்..."

"...அதைத் திருப்பி வைக்க மனசில்லாம நான் நின்னுக்கிட்டே இருப்பேன்," என்று அவளே முடித்தாள். மூன்று தடவை பார்த்தவளாயிற்றே! "எழுதினவரோட வீட்டுக்காரி குடுத்து வச்சவ. சரி, நீங்க உங்களுக்குத் தோணுறதைச் சொல்லுங்க."

எவன் உதட்டை அசைத்தாலும் அதற்குள் காதலை நிரப்பிவிடுவேன். என் உதடு அசையவில்லை.

மார்ச் 13, வெள்ளி

புதுக் கிளைக்கு வருகிறேன் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டாளாம்.

மார்ச் 22, ஞாயிறு

ரயில் நிலையம். மச்சினி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தபோது ஓடிப்போய், "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்றேன். எடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள்ள வர பிடிக்கலை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னடா குறைஞ்சு போயிருப்பே? அழுதேன். யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதேன்.

மார்ச் 24, செவ்வாய்

சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறதா என்று கேட்கப் போன் செய்தாள். சொட்டுது என்று ஆரம்பித்தேன். வாளி வைத்தது, அந்தச் சத்தத்தில் தூக்கம் வராதது, மறந்துபோய் இரண்டு தட்டு வைத்தது, அவள் கொண்டை ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவது — நிறுத்தவே இல்லை. போனை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். எதிரில் அவள் முகம் இல்லை, அதனால் பயமும் இல்லை.

மூச்சு வாங்கும்போதுதான் கண்ணைத் திறந்தேன்.

"இருக்கியா?"

"இருக்கேன்," என்றாள். "இது எந்தப் படம்?"

"படம் இல்ல. நம்ம வீட்டுக் குழாய்."

ஏப்ரல் 16, வியாழன்

தொண்டை கட்டிக்கொண்டது. "வீட்டுல தனியா யார்கூடண்ணே இவ்வளவு பேசுறீங்க?" என்று ரீடேக் திட்டினார். பெண்டாட்டியோடுதான் என்றேன். நம்பவில்லை.

ஏப்ரல் 25, சனி

விடுமுறைக்கு வந்திருக்கிறாள். கதவைத் திறந்தேன். போனில் தினமும் மணிக்கணக்காகப் பேசியவன், "ம், வா," என்றேன். அதோடு சரி.

பையை வைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனாள். என் போன் அடித்தது.

"இப்ப சொல்லுங்க," என்றாள்.

"நீ கிளம்பினன்னிக்கே சொல்ல வந்தேன்..." என்று ஆரம்பித்தேன். அறைக்கதவு திறந்தேதான் இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சியது முதலில் அறையிலிருந்தும், பிறகு போனிலும் கேட்டது. உதட்டசைவோடு சேராத குரல் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. ரீடேக் இருந்திருந்தால் இன்னொரு தடவை பேசச் சொல்லியிருப்பார்.