திரும்பிய படகு

என் செல்லக் குட்டிம்மாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். உன் இருமல் நின்றுவிட்டது என்று போனில் சொன்னாய், சொல்லி முடிப்பதற்குள் இருமினாய், அதையும் கேட்டேன். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. இத்தனை நாள் தெரியாத தூசியெல்லாம் இப்போது தெரிகிறதாம், நான்தான் வீட்டைப் பெருக்குவதே இல்லை என்பதுபோல் அலமாரி அலமாரியாகத் தடவிப் பார்க்கிறார். துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டேன், பேச்சு நின்றது. உன் தம்பி வேலை விட்டு வந்ததும் கார் கொட்டகையில் புகுந்துகொள்கிறான், படகின் சுக்கானைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கலாம்போல் ஆக்கிவிட்டான். படகோட்டக் கழகத்தில் என் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிட்டார்கள். நம் டிங்கிப் பாய்மரப் படகுப் போட்டிக்கு ஐம்பது வருடம் ஆகிறது, அதன் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போட வேண்டுமாம், செயலாளர் என்றால் எழுதத் தெரிந்திருக்கும் என்று யார் சொன்னார்களோ.

ஆனால் எழுத உட்கார்ந்தபிறகு எழுந்திருக்க மனம் வரவில்லை. ஒரு பல் மருத்துவர் தன் பிள்ளைகளுக்காக வரைந்த ஒட்டுப்பலகைப் படகு அது, உனக்குத் தெரியும். முதல் போட்டிக்குப் பக்கத்து நாட்டிலிருந்து ஒரே ஒரு படகு வந்ததாம், ரொட்டி வண்டியின் கூரையில் கட்டிக்கொண்டு. வந்தது ஒன்றே ஆனாலும் வெளிநாடு வெளிநாடுதானே என்று சர்வதேசப் போட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த ஒரு படகே ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதை மீட்கத்தான் மறு வருடம் இவர்கள் அங்கே போனார்கள், அப்படித்தான் இது நாடு நாடாகச் சுற்றும் போட்டி ஆனது. காற்றே வராத ஒரு வருடமும் உண்டு. வாரம் முழுக்கக் கரையில் உட்கார்ந்து சீட்டாடிவிட்டுக் கலைந்தார்கள், கோப்பையில் அந்த வருடத்துக்கு நேரே ‘காற்றில்லை’ என்று பொறித்திருக்கிறார்கள். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார். தொடக்க விதிகளைப் பற்றிய பக்கத்தை மட்டும், சலவை இயந்திரத்தோடு வரும் காகிதம் மாதிரி இருக்கிறது என்றார். நான் அதில் எழுதியது இவ்வளவுதான்: மணி அடிப்பதற்கு முன்பே யாராவது தொடக்கக் கோட்டைத் தாண்டிவிட்டால் நடுவர் படகில் ஒரு கொடி ஏறும், ஒரு ஊதல் ஒலிக்கும். தாண்டியது யார் என்று சொல்ல மாட்டார்கள். தாண்டியவர்கள் தாமே உணர்ந்து திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும், திரும்பாதவர்களுக்கு அந்தப் பந்தயம் கணக்கில் சேராது. தாண்டியவர்கள் எல்லாரும் திரும்பியபிறகுதான் கொடி இறங்கும்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும் நான் எங்கே வருகிறேன் என்று. இதைப் போனில் ஆரம்பித்தால் கதவை யாரோ தட்டுகிறார்கள் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். நம் ஏரியில் போட்டி நடந்த வருடத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. கடைசிப் பந்தயம்வரை நீயும் உன் தம்பியும்தான் முன்னணியில் இருந்தீர்கள், அவன் சுக்கானில், நீ முன்பாயில். கொடி ஏறியது, நீ திரும்பு திரும்பு என்று கத்தியது கரையில் நின்ற எங்களுக்கே கேட்டது. திரும்பிப் போய்த் தொடங்கினீர்கள், கோப்பை வேறு யாருக்கோ போனது. அதன்பிறகு நீ படகில் ஏறவே இல்லை, அவனும் நீயும் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதே என் வழியாகத்தான். சரி, எழுதுவதை ஒழுங்காக எழுதுவோம் என்று அன்றைக்கு நடுவராக இருந்த விசில் மாமாவைப் பார்க்கப் போனேன். மாடி அறையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, தெருவில் வண்டியைக் கோணலாக நிறுத்துகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். கேட்டதும் தொலைநோக்கியைக் கீழே வைத்துவிட்டு, “உங்க பிள்ளைங்க தாண்டலம்மா. பக்கத்துப் படகுதான் தாண்டிச்சு, அவன் திரும்பவே இல்ல. இவங்க திரும்பினப்போ, ஐயோ போங்க போங்கன்னு கத்தணும்போல இருந்துச்சு. நடுவர் வாயைத் திறக்கக் கூடாதே” என்றார்.

உனக்கு இதை எழுதவே வேண்டாம், ஆறின புண்ணை எதற்குக் கீற வேண்டும் என்றார் அப்பா. ஆறியிருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன். ஆமாம் கண்ணம்மா, நீ சொன்னது தப்புத்தான். ஆனால் இதைச் சின்னவனிடம் சொன்னபோது அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான், திரும்பிக்கூடப் பார்க்காமல், “தெரியும்மா. நாங்க திரும்பி வந்தப்புறமும் கொடி இறங்கல, அப்பவே தெரியும்” என்றான். பிறகு ஏன்டா அவளோடு பேசவில்லை என்று நான் சத்தம் போட்டேன். குழாயை மூடிவிட்டு, “அக்கா சொன்னா, அவ்வளவுதான். சுக்கான் என் கைல இருந்துச்சு, திருப்பினது நான். அவ அழுதுகிட்டே பாயை இழுத்துக்கிட்டிருந்தா, அப்போ என்ன சொல்றதுன்னு தெரியல. அப்புறம் சொல்லலாம்னு விட்டேன், ரொம்ப நாள் ஆயிடுச்சு, இனிமே எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல” என்றான். அவன் கோபமாக இருக்கிறான் என்று நீ, நீ கோபமாக இருக்கிறாய் என்று அவன். இரண்டு பேரையும் பெற்றேனே, தலையில் ஆளுக்கு ஒரு குட்டு வைக்க வேண்டும்போல் இருந்தது.

இந்த வருடம் போட்டி உன் ஊரிலிருந்து கொஞ்ச நேர ரயில் பயணத்தில் நடக்கிறது என்பது உனக்குத் தெரியாமல் இருக்காது. அவனோடு ஓட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் பையனுக்கு இரவு வேலை வந்துவிட்டது, வர முடியாதாம். கழகத்தில் இரண்டு பேர் தாமாக வந்து கேட்டார்கள், இவன் இன்னும் யாருக்கும் சரி சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நேற்று அவனாகவே வந்து, “அக்காவுக்கு எழுதுறதா இருந்தா தப்புன்னு மட்டும் எழுதாதம்மா. அவ மறுபடியும் திரும்பச் சொன்னா நான் மறுபடியும் திருப்புவேன்னு எழுது” என்றான். வாசல்வரை போனவன் நின்று, “கொஞ்சம் மெதுவா கத்தச் சொல்லு, அந்தக் காது இன்னும் சரியாகல” என்றான்.

புத்தகத்தில் அந்த வருடத்துக்கு, ஜெயித்தவர்கள் பெயருக்குக் கீழே, முன்னணியில் நின்ற ஒரு படகு, தாண்டியிருப்போமோ என்ற சந்தேகத்திலேயே திரும்பி வந்து மறுபடி தொடங்கியது என்று எழுதியிருக்கிறேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்.

மருந்தை முடிக்காமல் பாதியில் நிறுத்தாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. உன் கையும் காலும் மனசும் என்றும் தெம்பாக இருக்கட்டும். துணை ஓட்டுநரின் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம். வருகிறேன் என்றாலும் வரவில்லை என்றாலும் எனக்குச் சொல்லாதே, அவனுக்கே போன் போடு. ஒரு வார்த்தை பேசத் தோன்றாவிட்டால் ஒரு இருமல் இருமு, அவன் கண்டுபிடித்துவிடுவான்.

முத்தங்களுடன்,
உன் அம்மா