கினுவேயின் உயரத்துக்கு ஒரு வீடு

ஏப்ரல் 9
சமையலறை மேல்தட்டு கீழே இறங்கியிருக்கிறது. நான் மீன் வாங்கிக்கொண்டு வருவதற்குள் என் வீட்டுக்காரர் ஷிகெமிட்சு அதைக் கழற்றி, நாலு விரல்கடை கீழே பூட்டிவிட்டார். கேட்டால், "திருகாணி துருப்பிடிச்சுப் போச்சு" என்கிறார். வாழ்நாளெல்லாம் படகு இஞ்சின் பழுதுபார்த்த மனுஷன். ஒரு திருகாணியை மாற்றத் தட்டையே இறக்குவாரா?

ஏப்ரல் 15
மழை. முதுகுவலி.

ஏப்ரல் 21
இன்று துணி காயப்போடும் மூங்கில். அதுவும் தாழ்ந்துவிட்டது. போர்வை நுனி மண்ணில் புரள்கிறது. "உசரத்துல இருந்தா காத்துல பறந்துடும்" என்றார். இத்தனை வருஷமாக இந்தத் தீவில் காற்றே அடிக்கவில்லையா?

சாயங்காலம் கொல்லையில் நின்று போனில் குசுகுசு. "அவளுக்கு இப்பத் தெரிய வேண்டாம்" என்றது மட்டும் காதில் விழுந்தது. என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டார். யார் என்று கேட்டேன். கினுவேயாம்.

கினுவே இவர் தங்கை. நாகசாகியில் இருக்கிறாள். புருஷன் போய் ஒரு வருஷம் ஆகிறது, தனியாள். ரொம்பக் குள்ளம்—

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. தட்டு. மூங்கில். வீட்டையே அவள் கைக்கு எட்டுகிற மாதிரி செய்துகொண்டிருக்கிறாரா?

மே 3
சாமிப் பலகையையும் இறக்கிவிட்டார்! என்னால் பொறுக்க முடியவில்லை.

"சாமியைக்கூட விட்டுவைக்க மாட்டீங்களா? தலைக்கு மேல இருக்கணும்னு தெரியாது?"

"இன்னமும் உன் தலைக்கு மேலதானே இருக்கு."

என்ன நக்கல்! "மகாராணி எப்ப வர்றாங்க? இனி வாசக்கதவையும் குட்டையா அறுத்துடுங்க" என்றேன். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "யாரு மகாராணி?" நடிப்பு. நல்ல நடிப்பு.

மே 4
தனியாகச் சாப்பிட்டேன். அவரும் தனியாக.

மே 20
நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

சாயங்காலம் மிசோ சூப் ஊற்றும்போது கிண்ணம் கையிலிருந்து விழுந்தது. வலது கை என் கை மாதிரியே இல்லை. அவரைக் கூப்பிட்டேன், வாயில் வார்த்தை குழறியது. அவர் ஓடி வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. "ஒண்ணுமில்ல, அசதி" என்றேன். அவர் கேட்கவில்லை. "கிளம்பு, இப்பவே டாக்டர்கிட்ட." என்னை ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்டு அவளைக் கொண்டு வந்து வைக்கத்தான் இந்த அவசரம் என்று நினைத்தேன். ஆமாம், அப்போதும் அப்படித்தான் நினைத்தேன்.

நர்ஸ் என் உயரத்தை அளந்து நூற்று நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் என்றாள்.

"நான் நூத்தம்பத்துநாலு. உங்க கம்பு கோணல்."

மறுபடி அளந்தாள். அதேதான். "இவரை நிறுத்திப் பாருங்க" என்றேன். அவருடைய உயரம் போன வருஷம் எழுதிவைத்தபடியே இருந்தது. எக்கி நிற்கிறாரா என்று குனிந்து குதிகாலைப் பார்த்தேன். இல்லை.

டாக்டர் தெகுச்சி முதுகுப் படத்தைக் காட்டினார். எலும்பு இரண்டு இடத்தில் நசுங்கியிருக்கிறதாம்.

"நான் விழவே இல்லையே."

"விழாமலே நசுங்கும், அம்மா."

அப்புறம் என் கழுத்தில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். கடைசியில் சொன்னார்: "இப்படி உயரம் குறையறவங்கள்ல சிலருக்கு ரத்தக்குழாயும் கெட்டிருக்கு. அதனாலதான் இதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா உங்க கை போனதுக்குக் காரணம் முதுகு இல்ல. மூளைக்கு ரத்தம் போற வழி கழுத்துல அடைச்சிருக்கும்னு தோணுது. இன்னொரு தடவை வந்தா கை திரும்பி வராமலே போகலாம். உடனே நாகசாகிக்குப் போங்க."

இன்று காலை துறைமுகத்துக்குப் போகும்போது வண்டியில் கேட்டேன், "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"புது வருஷத்துக்கு மேல்தட்டுப் பாத்திரத்தை எடுக்க முக்காலி போட்டியே, அப்ப."

"சொல்லித் தொலைக்கறதுதானே?"

"சொன்னா நீ நம்பிடுவியாக்கும்!"

பேச்சை மாற்றினேன். "கினுவேகிட்ட என்ன ரகசியம்?"

"அவ மாமியாரும் இப்படித்தான் குறுகிப்போனாங்க. உன்னை எப்படி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதுன்னு யோசனை கேட்டேன்."

பாதி நம்பினேன். இதைக் கப்பலில் எழுதுகிறேன். கையெழுத்து ஆடுகிறது. அலையால்தான்.

மே 22
கழுத்தில் இடது பக்க ரத்தக்குழாய் முக்கால்வாசி அடைத்திருக்கிறது. படம் என் கழுத்துதானா என்று இரண்டு முறை கேட்டேன். ஆபரேஷன் செய்து சுத்தம் செய்வார்களாம். பயமாயிருக்கு.

ஜூன் 2
ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள். தையல் இழுக்கிறது. விரல்களெல்லாம் சொன்னபடி கேட்கின்றன. எலும்புக்கும் மருந்து தொடங்கிவிட்டார்கள்.

ஷிகெமிட்சு பக்கத்து விடுதியில் தங்கியிருக்கிறார். "சாப்பாடு பிரமாதம்" என்கிறார். பொய். கன்னம் ஒட்டிப்போய்விட்டது, கடையில் விற்கும் சோற்று உருண்டைதான் மூன்று வேளையும். அவர் வெளியே போனதும் கினுவேக்கு நானே போன் செய்தேன்.

"உங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போய் வாய்க்கு ருசியா ஏதாவது செஞ்சு போடு. நான் வீட்டுக்குப் போறப்ப நீயும் வா. கொஞ்ச நாள் கூட இரு."

நான் அவளை வீட்டுக்குக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அவள் மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணி... டாக்டர் என்ன சொன்னார்? என்கிட்ட மறைக்காம சொல்லுங்க."