ஆறு உள்வாங்கிய மத்தியானம்

என்றைக்கும் பதினான்கு வயதிலேயே நின்றுவிட்ட என் சேகர் அண்ணனுக்கு,

இப்போது உன்னைவிட எனக்கு வயது ஜாஸ்தி. இருந்தாலும் அண்ணன் அண்ணன்தானே. பயமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

தேவனாம்பட்டினத்தை விட்டு வந்துவிட்டோம். உன்னைக் கொண்டுபோன அலைக்குப் பிறகும் அங்கேயேதான் கிடந்தோம். போன மழைக்காலத்துப் புயலில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது, பின்சுவர் சாய்ந்தது. கடல் சத்தம் கேட்கிற இடத்தில் இனி என் மகளை வளர்க்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். நீ பார்த்திராத உன் மச்சான் படகு இஞ்சின் பழுது பார்க்கிறவர். புவனகிரியில் பம்புசெட் ரிப்பேர் கடை ஒன்றில் வேலை தேடிக்கொண்டார்.

வந்த முதல் வாரமே மொட்டைமாடிப் படியை ஒரே ஓட்டத்தில் ஏற முடிகிறதா என்று பார்த்துவைத்தேன். தெருக்கோடியில் வெள்ளாறு ஓடுகிறதே, சும்மா இருக்க முடியுமா? "அரண்டவ கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம். இது ஆறு புள்ள, கடல் இல்ல" என்று உன் மச்சான் கிண்டல் செய்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் யாழினியும் வீட்டுக்கார அக்காவின் இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். காலையில் மூன்றாவது படி வரை நின்ற தண்ணீர் விலகிக்கொண்டே போனது. சேறு தெரிந்தது. சேற்றில் கெண்டை மீன்கள் துள்ளின. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். எல்லோருக்கும் முன்னால் போனவள் யாழினிதான், மீன் என்றால் விடுவாளா?

அண்ணா, உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கிரிக்கெட் மட்டையை மணலில் போட்டுவிட்டு நீ இறங்கியதும் இப்படித்தான். கடல் உள்வாங்கினால் அடுத்து என்ன வரும் என்று இன்றைக்கு நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

கைக்கு அகப்பட்ட இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். மாடி ஏறி, கதவைச் சாத்தி, தாழும் போட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், இரண்டும் வீட்டுக்கார அக்காவின் பிள்ளைகள்.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் ஆறு பேசாமல் கிடக்கிறது. ஊர்ப் பெண்கள் கூடையோடு இறங்கி மீன் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். யாழினி தனியாகச் சேற்றில் நின்று நம் வீட்டையே பார்க்கிறாள். கொஞ்ச நேரத்தில் வந்து கதவைத் தட்டினாள். "அம்மா, தொறம்மா." அக்காவின் பெரிய பிள்ளைதான் திறந்துவிட்டது.

அக்கா கோபிப்பார், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவரோ, "மேல அணைக்கட்டுல ஷட்டர எறக்கிட்டாங்கம்மா. வருசா வருசம் இப்படித்தான் வத்தும். நீ என்னா பண்ணுவ, பட்டவ. என் புள்ளைங்களத்தான காப்பாத்தப் பாத்த" என்று தண்ணீர் கொடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

யாழினி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என்னைய ஏம்மா கூப்புடல?"

அதிலிருந்து பள்ளிக்கூடம் போகும்போது என் கையைப் பிடிப்பதில்லை. புத்தகப் பை வாரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். தண்ணீர் வந்துவிடும் என்பதல்ல இப்போது என் பயம். வந்தால் நான் என்ன செய்வேன் என்பதுதான். மறுபடியும் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவிடுவேனோ?

உன்னை மூன்று தடவை கூப்பிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். பொய் அண்ணா. நீ நின்றதைப் பார்த்தேன். உனக்குப் பின்னால் தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு எழும்பியதையும் பார்த்தேன். வாயைத் திறக்காமல் ஓடினேன்.

அம்மா அதை நம்பியபடியே கண்ணை மூடினாள். அங்கே வந்து, "தங்கச்சி அந்தக் கூப்பாடு போட்டாளாமே, ஏன்டா நீ வரல?" என்று உன்னைக் கேட்டிருப்பாளே. நீ என்ன சொன்னாய்? நான் கூப்பிடவே இல்லை என்றா? இல்லை, எனக்காக நீயும் ஒரு பொய் சொன்னாயா?

இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யாழினியை உட்காரவைத்து உன்னைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அம்மாவுக்குச் சொன்னது போல் அல்ல, நடந்தது நடந்தபடி. மாடிக் கதவுத் தாழ்ப்பாளை உன் மச்சானிடம் சொல்லிக் கழற்றியாயிற்று. இனி எந்தத் தண்ணீருக்குப் பயந்து ஓடினாலும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தாமல் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டேன், இது உன்மேல் சத்தியம். அவள் என்னை மன்னிப்பாளா, தெரியாது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவே எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

கூப்பிடாமல் ஓடிவந்த உன் தங்கை,
அமுதா