நிறுத்தும் முன் கொஞ்ச நேரம்

12 பிப்ரவரி 2007, திங்கள்

டாக்டர் முதுகுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார். மரப்பலகையில் படுக்கை, ஒரு மாதத்துக்கு எழுந்து நடக்கக் கூடாது. பொக்லைன் சீட்டில் இத்தனை வருடம் குலுங்கியதற்குக் கிடைத்த பரிசு. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ரோட்டுக்கு எதிர்ப்புறம் சாயப்பட்டறைக்காரர்களுக்குச் சுத்திகரிப்புத் தொட்டி தோண்டும் வேலை. நான் ஒத்துக்கொண்டது. வண்டி சும்மா நின்றால் நாளைக்கே வேறு வண்டியைக் கொண்டுவந்து விடுவார்கள். பூமியை விற்று வாங்கிய வண்டி. அது ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். என் மனைவி தமிழ்மதி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய் வாங்குவது பையன்களின் படிப்புக்கே சரியாகிவிடுகிறது.

அவளுடைய அண்ணன் கன்னையன் மச்சான் தன் லாரியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். சம்பளப் பேச்சை எடுத்தேன். "தங்கச்சி ஊட்டு வேலைக்குக் கூலி வாங்கறதுங்களா மாப்ளே?" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

14 பிப்ரவரி

ஜன்னலில் மேகம்தான் தெரிகிறது. ஆனால் வண்டிச் சத்தம் முழுக்கக் கேட்கிறது. மச்சான் நன்றாகவே தோண்டுகிறார்.

ஆனால் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும், இன்ஜின் சூடேறக்கூட விடாமல், ஒரே மிதி. மத்தியானம் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்போதே டக்கென்று நிறுத்துகிறார். பசித்துவிட்டது போல.

17 பிப்ரவரி

இன்றும் அப்படியே. டக்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய பழைய லாரியில் இன்ஜினுக்குக் காற்றைத் திணிக்கிற டர்போ கிடையாது, சாவியைத் திருப்பினால் முடிந்தது கதை. என் வண்டியில் டர்போவுக்குள் இருக்கிற சின்ன விசிறி கண்மண் தெரியாத வேகத்தில் சுற்றும், பழுக்கக் காயும். அதைக் காப்பாற்றுவது ஆயில் ஒன்றுதான். இன்ஜினை டக்கென்று அணைத்தால் ஆயில் நின்றுவிடும், விசிறி நிற்காது. வறட்டுச் சுற்று. உள்ளே மிச்சமிருக்கிற ஆயிலும் அந்தச் சூட்டில் கருகிப்போகும். நிறுத்தும் முன் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ்மதியிடம் சொல்லச் சொன்னேன். "எங்கண்ணன் சும்மா வந்து உழைக்கறாரு. அதுலயும் நொட்டை சொல்லோணுங்களா?" என்றாள்.

20 பிப்ரவரி

சொல்லிவிட்டேன். நானே. மச்சான் சாப்பிட உட்கார்ந்ததும் பக்குவமாக ஆரம்பித்து, டர்போ, ஆயில், அது போகிற சின்ன பைப் எல்லாம் விளக்கினேன். சிரித்தார். "வேலை செய்யாம ஓடுனா டீசல் தண்டமில்லீங்களா? உங்க வண்டி, நீங்க சொன்னாச் சரிங்க."

அந்தக் கடைசி வார்த்தையில் இருந்தது விஷயம். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

21 பிப்ரவரி

இன்று மத்தியானம் முழுக்க வண்டி வெறுமனே ஓடிக்கொண்டே இருந்தது. அவர் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஒரு தூக்கமும் போட்டு வரும்வரை. வேண்டுமென்றேதான். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் முதுகு வலிக்கிறது.

தமிழ்மதி சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

22 பிப்ரவரி

மறுபடி டக். போகட்டும்.

28 பிப்ரவரி

மச்சான் முகம் மலர்ந்து வந்தார், கையெல்லாம் கறுப்பு. எனக்குத் தெரியாமல் வண்டிக்கு ஆயில் மாற்றிவிட்டாராம். சமாதானம். அதோடு விட்டிருக்கலாம்.

"நீங்க சொன்னீங்கள்ல, டர்போவுக்கு ஆயில் போற சின்ன பைப்பு, அதையுங் கழட்டீட்டனுங்க மாப்ளே. தங்கச்சி கொண்டாந்த பனியன் வேஸ்ட்டக் கம்பில சுத்தி உள்ள உட்டு, பளபளன்னு தொடச்சு மாட்டீட்டனுங்க!"

இந்த ஊரில் பனியன் வேஸ்ட், அதாவது கம்பெனியில் மிஞ்சுகிற வெட்டுத்துணி, இல்லாத வீடு கிடையாது. கையும் துடைப்போம், காரும் துடைப்போம், அடுப்புமேடையும் துடைப்போம். ஆனால் வெட்டிப்போட்ட துணி நூல் உதிர்க்கும். ஒரு பிரி அந்தப் பைப்புக்குள் நின்றுவிட்டால் போதும், டர்போவுக்கு ஆயில் போகாது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பாராட்டுக்காக. "ரொம்ப நல்லதுங்க மச்சான்" என்றேன். என்ன மனுசன்டா நான்.

1 மார்ச்

பல்லடம் மெக்கானிக் ஜெயபாண்டியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று தமிழ்மதியிடம் சொன்னேன். "எங்கண்ணன் கைப்பட்டதை வேற ஆளு வந்து பிரிச்சுப் பாக்கறதுங்களா? அப்பறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவருக்குச் சோறு போடறது?" என்றாள். அவள் போனபிறகு நானே போன் போட்டேன். காங்கேயத்தில் ஏதோ அரிசி ஆலை ஜெனரேட்டர் வேலையாம். "திங்கக்கிழம வந்துருதேன்ண்ணே" என்றான்.

3 மார்ச்

டர்போவின் விசில் மாறிவிட்டது. மெல்லிய ஊளை, நடுவில் ஒரு உரசல். வேறு யாருக்கும் கேட்காது. எனக்குக் கேட்கிறதே.

எழுந்து உட்காரப் பார்த்தேன். முடியவில்லை.

4 மார்ச், ஞாயிறு

போச்சு.

சத்தம் தானாக ஏற ஆரம்பித்தது. யாரும் மிதிக்காமல். ஏறுது, ஏறுது, நிக்கவே மாட்டேங்குது. டர்போ உடைந்து தன் ஆயிலையே இன்ஜினுக்குள் ஊற்றுகிறது. இன்ஜின் அதையே குடித்து வெறிபிடித்து ஓடுகிறது, சாவிக்கு அடங்காது, காற்றை அடைத்தால்தான் நிற்கும். ஜன்னல் முழுக்க வெள்ளைப் புகை. "காத்துக் குழாயை அடைங்க! பலகைய வெச்சு அடைங்க மச்சான்!" தொண்டை கிழியக் கத்தினேன். யாருக்குக் கேட்கும்? தமிழ்மதி சப்பாத்திப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் உருண்டு தரையில் விழுந்தேன், வாசல்வரை கூடப் போக முடியவில்லை.

அவள் ரோட்டைத் தாண்டுவதற்குள் ஒரு வெடிச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. மச்சானுக்குக் காயமில்லை, அது போதும் என்று எழுதுகிறேன். போதுமா?

5 மார்ச்

ஜெயபாண்டி சொன்னபடி வந்தான். கிராங்க் வரை போய்விட்டதாம், இந்த இன்ஜினைத் தேற்ற முடியாதாம். அந்தச் சின்ன பைப்பைக் கட்டிலுக்கே கொண்டுவந்து காட்டினான். அடிப்பிடித்த பால்சட்டி மாதிரி உள்ளே கரி, கரிக்கு நடுவில் சிக்கிய நூல். ஒரு முனை மட்டும் கருகாமல் ரோஸ் நிறத்தில். தமிழ்மதி கம்பெனியில் இப்போது ஓடுகிற குழந்தைச் சட்டை ஆர்டரின் நிறம்.

"என்னண்ணே, நூலு மாதிரில்ல கெடக்கு? யாரு கழட்டுனது?"

மச்சான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தமிழ்மதி.

"தெரியலப்பா. பழைய வண்டி" என்றேன்.

மச்சான் சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டார். சாப்பிடவில்லை.

19 மார்ச்

வண்டியை இரும்புக்கடைக்காரன் கட்டி இழுத்துக்கொண்டு போனான். முதல்முறையாக அது சத்தமில்லாமல் போனது. அழுதேன்.

16 ஏப்ரல்

இடுப்பில் பெல்ட் போட்டு நடக்கிறேன். பொக்லைன் சீட்டில் இனி ஏறவே கூடாதாம். தமிழ்மதி தன் கம்பெனியில் எனக்குக் கேட் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.

எதிர்ப்புறத் தொட்டி வேலைக்கு வேறு யாருடைய வண்டியோ வந்திருக்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணியவர் உடனே மிதிக்கவில்லை, நிதானமாகச் சூடேற விட்டார். யாரோ விஷயம் தெரிந்தவர் என்று நினைத்தேன். தமிழ்மதி வெளியே போய்த் தண்ணீர் எடுத்து வந்ததும் சொன்னாள். "எங்கண்ணனுங்க. சம்பளத்துக்கு ஓட்டறாராம். என்னையக் கண்டுங் காணாத மாதிரி திரும்பிக்கிட்டாரு."

சாயங்காலம் சத்தம் இறங்கியது. டக்கென்று நிற்கவில்லை, மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். விசிறி ஆறியிருக்கும். இன்னும் ஓடியது. தேவைக்கு மேலேயே ஓடியது. அப்போதுதான் புரிந்தது. அணைத்தால் இறங்க வேண்டும், இறங்கினால் எங்கள் வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனேன். மச்சான் சீட்டில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"போதுமுங்க மச்சான், நிறுத்துங்க" என்றேன். "சோறு ஆறுது."