செயலி கொடுத்த ஐந்து நட்சத்திரம்

இன்று காலை நம் ஆசிரியர் அறையில் ஒரு பெட்டியைப் பிரித்தார்கள். புது டேப்லெட்டுகள். தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. மற்றவர்கள் ஆவலாக எட்டிப் பார்த்தார்கள். எனக்கு, இங்கே என்னோடு பாடம் எடுத்த உன் நினைவு வந்தது.

இந்த முறை ஜப்பானிய மொழியாம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஜப்பானியத் தொழிற்சாலைகளைக் காட்டி, மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கினால் நல்லது என்று பெற்றோரிடம் சொல்லப் போகிறார்கள். நம் காலத்தில் அது பிரெஞ்சு. மாமல்லபுரத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களோடு நம் பிள்ளைகள் பேச வேண்டும் என்று தாளாளருக்கு ஆசை. நம் இருவருக்கும் அதில் ஒரு சொல்கூடத் தெரியாது.

"தெரியவே வேண்டாம் மேடம். பிள்ளைங்க பேசுவாங்க, ஆப் கேட்டு ஸ்டார் போடும்" என்றார் அன்று பயிற்சி கொடுக்க வந்தவர்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. உனக்கு இல்லை. அன்று மாலை செங்கல்பட்டு பஸ்ஸுக்காக நான் நின்றபோது, உன் மீனவக் குப்பத்துக்குப் போகாமல் என்னோடு நின்றாய். "நமக்கே தெரியாதத நம்ம புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குது. அது தப்பா சொன்னா யாருடி கண்டுபுடிக்கிறது?" என்றாய்.

ஒரு மாதம் போனது. வகுப்பில் நட்சத்திரங்கள் கொட்டின. நான்காம் வகுப்பு மோனிஷாவுக்கு எப்போதும் ஐந்துக்கு ஐந்து. அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். மகள் பிரெஞ்சு பேசுகிறாள் என்று மீன் ஏலக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டார். ஒருநாள் மதிய இடைவேளையில் நீ டேப்லெட்டை எடுத்து, "எங்க வூட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டுகீது" என்று நிதானமாகச் சொன்னாய். நான்கு நட்சத்திரம் வந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள இத நம்பிகினு கீதுடி" என்றாய்.

அந்தச் சனிக்கிழமை மோனிஷாவின் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவளைக் கடற்கரைக் கோயில் பக்கம் அழைத்துப் போனோம். பிரெஞ்சு பேசிக்கொண்டு ஒரு தம்பதி வருவதாக வழிகாட்டி ஒருவர் கை காட்டினார். மோனிஷா தலையைக் கோதிக்கொண்டு போய், தன் பெயரையும் வகுப்பையும் பிரெஞ்சில் சொன்னாள். அந்த அம்மாள் நின்றுகூடப் பார்க்கவில்லை. பாசிமணி விற்க வந்தவள் என்று நினைத்து, "நோ, நோ" என்று கையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

மோனிஷா அப்படியே நின்றாள். நீதான் ஓடிப் போய், உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாய். அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. திரும்பி வந்து மணலில் மண்டியிட்டாள். மறுபடி சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லையும் திருத்தி, உதட்டைக் குவித்துக் காட்டினாள். வெயில் ஏறும் வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை.

திரும்பும்போது மோனிஷா கேட்டாள்: "அப்போ அந்த ஸ்டாரு எல்லாம் பொய்யா டீச்சர்?"

"பொய்யின்னு இல்ல கண்ணு. அதுக்குச் சரியா காது கேக்கல" என்றாய்.

பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அந்த ஆட்டுக்குட்டி வாக்கியத்தை மறுபடி சொல்லிக் காட்டினாய். அம்மாக்கள் சிரித்தார்கள். மோனிஷாவின் அப்பா சிரிக்கவில்லை. "எம் பொண்ணு கத்துகிட்டது இன்னா அப்போ?" என்று எழுந்து கேட்டார். தாளாளர் கூட்டத்தை அதோடு முடித்தார். மதிப்பெண் அட்டையிலிருந்து நட்சத்திரம் போனது. அடுத்த ஆண்டு உன்னையும் எல்.கே.ஜி. வகுப்புக்கு மாற்றினார்கள். அதைத் தண்டனை என்று ஒருநாளும் நீ சொன்னதில்லை.

அந்தப் பிரெஞ்சு அம்மாள் ஊர் திரும்பிய பிறகு, வாரம் ஒருமுறை வீடியோவில் வந்து நான்காம் வகுப்புக்குச் சொல்லித் தந்தாள். அவளையும் நீ சந்தேகப்பட்டாய். "சும்மா இன்னாத்துக்குடி சொல்லித் தருது?" என்று முணுமுணுத்துக்கொண்டே, உன் வகுப்பை ஆயாவிடம் விட்டுவிட்டு வந்து, முடியும் வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாய். மோனிஷாவைப் பார்த்துக் கையை ஆட்டியது இன்னும் உறுத்துகிறது என்று அந்த அம்மாளே ஒருநாள் சொன்ன பிறகுதான், அவளோடு நீ பேச ஆரம்பித்தாய்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது, பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. நான் காதைக் கிட்டே கொண்டுவந்தேன். "இன்னும் ஸ்டாரு போட்டுகினு கீதா அது?" என்று கேட்டாய். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு வந்தவர் இன்னும் கெட்டிக்காரர். டேப்லெட்டே பிள்ளைகளோடு உரையாடுமாம், திருத்துமாம், அவர்கள் குரலை நினைவில் வைத்துக்கொள்ளுமாம். எல்லாரும் கைதட்டினார்கள். நான் எழுந்தேன். இது திருத்துவதை ஒரு ஜப்பானியர் கேட்டுச் சரி என்றாரா, பிள்ளைகளின் குரல் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "மேடமுக்கு டெக்னாலஜி பிடிக்காது போல."

நான் செங்கல்பட்டுக்காரி. பள்ளிக்கூடத்தில் எண்ணிப் பேசுகிறவள். ஆனால் என் வாயிலிருந்து வந்தது உன் குப்பத்துப் பேச்சு.

"புடிக்கும்பா. நம்பத்தான் முடியல. கேட்டுகினு வந்து சொல்லு, அப்பால மறுபடி பெட்டியப் பிரிக்கலாம்."

கைதட்டியவர்கள் எல்லாரும் பதிலுக்காக அவரைப் பார்த்தார்கள். அவர் டேப்லெட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார்.