காய்ந்த ஓடைக்கு எத்தனை மதிப்பெண்

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே மாமாவுக்கு மூச்சிரைப்பு விட்டு விட்டு வருகிறது. மாடிப்படி ஏறக்கூடாது என்கிறார் டாக்டர். நம் வாலுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வருவதற்குள் முளைக்கக் கூடாது என்று கண்ணாடி முன் நின்று அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

இனி, தள்ளிப்போட முடியாத விஷயம். உங்கள் துறை இங்கே கட்டப்போகும் அணைக்கு முன், ஆற்றிலும் கிளை ஓடைகளிலும் மீனுக்கும் விலங்குக்கும் எந்த இடம் முக்கியம் என்று எங்கள் அலுவலகம் மதிப்பிட வேண்டும். எந்த முறையில் என்பதை என்னிடம் விட்டிருந்தார்கள். அணை வேலை தொடங்கினால்தான் உங்களுக்கு இந்த ஊருக்கு மாற்றல் என்பதை நான் மறக்கவில்லை.

சுலபமான முறை ஒன்று உண்டு. நாற்காலியை விட்டு எழ வேண்டாம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து மர நிழல், நீரின் அகலம், ஆழம் என்று கம்ப்யூட்டரில் போட்டால் ஓடைக்கு ஓடை மதிப்பெண் கொடுத்துவிடும். போட்டேன். மேல் ஓடைக்கு முட்டை. படம் எடுத்தது கோடையில், அப்போது அதில் தண்ணீரே இல்லை. மேலதிகாரி அதையே முடித்து அனுப்பிவிடச் சொன்னார். எனக்கும் கை துறுதுறுத்தது.

மனசு கேட்காமல் ஒரு நடை போய்ப் பார்த்தேன். பாறையடியில் மிஞ்சிய குட்டைகளில் மீன்குஞ்சுகள் மொய்த்துக் கிடந்தன. கரையில் நீர்நாயின் எச்சம், அதில் செதில்கள். மழையில் ஆறு பெருகும்போது மீன்கள் அங்கே ஏறிப்போய்த்தான் முட்டையிடுகின்றன. அணை வந்தால் அந்த வழி அடைபடும். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மீனை நினைத்து இல்லை.

கஷ்டமான இன்னொரு முறைக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். ஒரு மழைக்காலம் முழுக்க ஓடையில் இறங்கி, வலைபோட்டு எண்ணிவிட்டு வர வேண்டும். அதுவரை அணைக்கு ஒரு கல்கூட நட முடியாது. அடுத்தவர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். மீனுக்காகப் புருஷனைத் தள்ளிவைத்தவள் என்று கேலி செய்யுங்கள். செய்தால் சந்தோஷப்படுவேன்.

மாமாவிடமும் சொன்னேன். "அவன் வர்றப்போ நான் இருப்பேனாம்மா?" என்று கேட்டார்.

மாற்றல் வரும்போது வரட்டும். லீவு போட்டு ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். என்மேல் கோபம் ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கோபத்தோடேயே வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி